தேர்வும் ஒரு தராசுதான்



 

இது பொதுத்தேர்வுக் காலம். நம் வீடுகளில் பிள்ளைகள் ஃபஜ்ருக்கு முன்பே எழுந்து படிக்கிறார்கள். தாய்மார்கள் நஃபில் நோன்பு வைத்து துஆ செய்கிறார்கள். பட்டப்படிப்பு முடித்த இளைஞர்கள் டிஎன்பிஎஸ்சி, வங்கி, ரயில்வே என்று வருடக்கணக்கில் தயாராகிறார்கள். பிள்ளை தேர்ச்சி பெற வேண்டும் என்று துஆ கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தேர்வு நேர்மையாக நடக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கவலைப்படுகிறோம்? "பிட் அடிப்பது சின்ன விஷயம், எல்லோரும் செய்வதுதான்" என்று சாதாரணமாகப் பேசுகிறோம். இது சின்ன விஷயம்தானா? மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது? இன்றைய ஜும்ஆவின் பாடம் இதுதான்.

தேர்வு என்பது என்ன?

முதலில் தேர்வு என்றால் என்ன என்று புரிந்துகொள்வோம். ஒரு பொறுப்பு இருக்கிறது. அதைக் கேட்டு ஆயிரம் பேர் வருகிறார்கள். யாரிடம் கொடுப்பது? அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்று அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவிதான் தேர்வு. கடையில் தராசு செய்யும் வேலையைத் தேர்வறையில் வினாத்தாள் செய்கிறது.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படையுங்கள், மக்களிடையே தீர்ப்புச் செய்தால் நீதியாகச் செய்யுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 4:58). பதவியும் ஓர் அமானிதம் என்று விரிவுரையாளர்கள் இந்த இடத்தில் விளக்குகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம் குடும்பப் பெருமையைச் சொல்லவில்லை. பாதுகாக்கும் நேர்மையும், அதற்கான அறிவும் தம்மிடம் இருப்பதையே சொன்னார்கள் (12:55). மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணியும் இரண்டு தகுதிகளையே குறிப்பிட்டார்: ஆற்றல், நம்பகத்தன்மை (28:26).

நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்கள் எவ்வளவு உயர்ந்தவர்! அவர்கள் ஒரு பதவியைக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பைச் சுமக்கும் வலிமை உங்களிடம் இல்லை, அது ஓர் அமானிதம் என்று எடுத்துச் சொன்னார்கள் (முஸ்லிம்). அன்பு இருந்தது, இருந்தும் தகுதி பார்க்கப்பட்டது. மறுமை நாள் எப்போது என்று ஒரு கிராமவாசி கேட்டபோது, தகுதியில்லாதவர்களிடம் பொறுப்புகள் ஒப்படைக்கப்படும் காலத்தை அதன் அடையாளமாக நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி).

பக்தாதில் நடந்த இரண்டு தேர்வுகள்

தேர்வு என்பது வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வரலாற்றைப் பாருங்கள்.

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் ஒரு மருத்துவர் செய்த தவறால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். இந்தச் செய்தி கலீஃபா முக்ததிர் காதுக்கு எட்டியது. இனி சோதித்துப் பார்க்கப்படாத எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று அவர் உத்தரவிட்டார். சோதிக்கும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித் என்ற தலைமை மருத்துவரிடம் கொடுக்கப்பட்டது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் 860-க்கும் மேற்பட்டவர்கள் சோதிக்கப்பட்டார்கள் என்று மருத்துவ வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. ஓர் உயிர் போனதற்காக ஒரு நகரத்தின் மருத்துவர்கள் தேர்வுக்கு அழைக்கப்பட்டார்கள். தேர்வின் தரம் குறைந்தால் அதன் விலையைக் கொடுப்பது யார் என்பதை அந்த ஆட்சியாளர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்று நாம் அதிகம் கேள்விப்பட்டது. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது அங்கிருந்த ஹதீஸ் அறிஞர்கள் அவர்களைச் சோதிக்க விரும்பினார்கள். 100 ஹதீஸ்களை எடுத்து, ஒன்றின் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றோடு மாற்றிப் பொருத்தினார்கள். பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்தாகக் கொடுத்து சபையில் கேட்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் இமாம் அவர்கள் இப்படி ஒன்றை நான் அறியவில்லை என்றே பதில் சொன்னார்கள். விவரம் அறியாதவர்கள், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணினார்கள். பத்துப் பேரும் முடித்த பிறகு, நூறையும் அவர்கள் கேட்ட அதே வரிசையில் சொல்லி, எந்தத் தொடர் எந்த ஹதீஸுக்கு உரியது என்று சரிசெய்து கொடுத்தார்கள்.

இதில் கவனியுங்கள். கேள்விகள் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டன. யாரும் இமாமிடம் போய் நாளைக்கு இதுதான் வரப்போகிறது என்று சொல்லவில்லை. அந்தச் சபை அவரை ஏற்றுக்கொண்டதற்கு மதிப்பு வந்ததே அதனால்தான். கேள்வி முன்பே கசிந்திருந்தால் அந்தச் சம்பவத்துக்கு இன்று என்ன மரியாதை இருந்திருக்கும்?

நம் ஊர்ப் பக்கம் நடந்தது

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2019 செப்டம்பர் 1 அன்று டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு நடந்தது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற 9,000-க்கும் மேற்பட்ட பணியிடங்கள். எழுதியவர்கள் சுமார் 16 லட்சம் பேர். முடிவு வந்தபோது, முதல் 100 இடங்களில் 39 பேர் ராமேஸ்வரம், கீழக்கரை ஆகிய மையங்களில் எழுதியவர்களாக இருந்தார்கள். அவர்களில் பலர் வேறு மாவட்டங்களிலிருந்து அங்கு வந்து எழுதியவர்கள். சந்தேகம் எழுந்தது, விசாரணை நடந்தது.

என்ன செய்திருந்தார்கள்? எழுதிய சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையைக் கொண்டு விடைத்தாளில் குறித்திருந்தார்கள். விடைத்தாள்கள் சென்னைக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் அவை வெளியே எடுக்கப்பட்டு, சரியான விடைகள் குறிக்கப்பட்டு, மீண்டும் கட்டில் சேர்க்கப்பட்டன. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது தேர்வாணையம். பட்டியலில் இருந்த 39 பேருக்குப் பதிலாக, தகுதியான வேறு 39 பேரைத் தேர்ந்தெடுப்பதாகவும் அறிவித்தது.

சகோதரர்களே! வள்ளல் சீதக்காதியின் ஊர் கீழக்கரை. எங்கிருந்தோ வந்தவர்கள் செய்த திருட்டால் அந்த ஊரின் பெயர் பல நாட்கள் செய்தியில் அடிபட்டது. அந்த மையங்களில் இரவு பகலாகப் படித்து நேர்மையாக எழுதிய பிள்ளைகளும் சந்தேகக் கண்ணுக்கு ஆளானார்கள். ஒருவர் செய்யும் மோசடி அவரோடு முடிவதில்லை.

ஆனால் நான் உங்களை யோசிக்கச் சொல்வது அந்த வேறு 39 பேரைப் பற்றி. விசாரணை மட்டும் நடக்காமல் போயிருந்தால் அவர்கள் யார் என்றே உலகத்துக்குத் தெரிந்திருக்காது. அவர்களுக்கே தெரிந்திருக்காது. "நமக்கு ரிஸ்க் இவ்வளவுதான், இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம்" என்று தங்களையே நொந்துகொண்டு, ஒரு துணிக்கடையிலோ கொரியர் வேலையிலோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். தங்கள் நாற்காலியைத் திருடி ஒருவர் உட்கார்ந்திருப்பதை அறியாமலே வாழ்ந்திருப்பார்கள்.

பெயர் தெரியாத ஒருவரின் ஹக்

மார்க்கத்தில் பாவங்கள் இரண்டு வகை. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் உள்ளது ஒன்று. அடியார்களின் ஹக்கோடு சம்பந்தப்பட்டது மற்றொன்று. முதல் வகைக்குத் தவ்பா செய்தால் அல்லாஹ் மன்னிக்கிறான். இரண்டாவதில், உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்புப் பெற வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பணத்தை எடுத்திருந்தால் அவர் வாசலில் போய் நிற்கலாம். ஒருவரைப் புறம் பேசியிருந்தால் அவர் யார் என்று நமக்குத் தெரியும். தேர்வில் மோசடி செய்து ஓர் இடத்தைப் பிடித்தவர் யாரிடம் போய் நிற்பார்? அவரால் கீழே தள்ளப்பட்டவரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகம் தெரியாது. மன்னிப்புக் கேட்க முகவரி இல்லாத பாவம் இது. நமக்குத்தான் முகவரி தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

திவாலானவர் யார் தெரியுமா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டு விளக்கிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வருகிறார் ஒருவர். ஆனால் இவரை ஏசினார், அவர் பொருளைத் தின்றார் என்று வரிசையாக ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அவருடைய நன்மைகள் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. நன்மைகள் தீர்ந்ததும் அவர்களின் பாவங்கள் இவர் தலையில் சுமத்தப்படுகின்றன (முஸ்லிம்). பெயர் தெரியாத அந்த ஒருவர், அந்த வரிசையில் நின்று, "என் இடம் எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது?

காலம் போனால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் வியாபம் முறைகேடு நடந்தது. 2008 முதல் 2012 வரை மோசடியாக மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 600-க்கும் மேற்பட்டோரின் சேர்க்கையை ரத்து செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. படிப்பையே முடித்துவிட்டோமே, சமுதாயத்துக்குப் பயன்படுவோமே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. துன்யாவின் நீதிமன்றமே இவ்வளவு கண்டிப்பாக இருந்தால், மறுமையின் நீதிமன்றம் எப்படி இருக்கும்?

இரக்கம் என்ற பெயரில் நடக்கும் அநீதி

மோசடிக்குப் பணம் மட்டும் காரணமில்லை. சில சமயம் இரக்கமும் காரணமாகிறது. "பாவம், ஏழைப் பிள்ளை, நாலு மார்க்குக்கு என்ன போச்சு" என்று கண்டும் காணாமல் போகும் அறைக் கண்காணிப்பாளர் இருக்கிறார். அவர் இரக்கப்பட்ட பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறது. அதே மதிப்பெண்ணுக்குப் போட்டியிடும் வேறொரு ஏழைப் பிள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மக்ஸூம் கோத்திரத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, பெரிய குடும்பம் என்பதால் உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் கோபப்பட்டார்கள். தம் மகள் ஃபாத்திமாவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று அறிவித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நம் பொதுத்தேர்வில் விடைத்தாளின் பெயர், பதிவெண் உள்ள பகுதியைப் பிரித்து வைத்துவிட்டுத் திருத்துபவரிடம் கொடுக்கிறார்கள். இவர் எந்த ஊர், எந்த மதம், யார் பிள்ளை என்று தெரியாமல் மதிப்பெண் போட வேண்டும் என்பதற்காகத்தான். நபி (ஸல்) அவர்கள் மனத்தில் வைத்திருந்த நீதியை இன்று ஒரு தாளைக் கிழித்து நடைமுறைப்படுத்துகிறார்கள்.

அப்படியானால் யாருக்கும் எந்தச் சலுகையும் கூடாதா? அப்படியல்ல. பார்வையற்ற மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் நேரம் உண்டு. இது தராசைச் சாய்ப்பது அல்ல. சாய்ந்திருந்த தராசை நேராக்குவது. ஆனால் எழுதப் போகும் நம் இளைஞர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கடன் பற்றிய வசனத்தில், எழுத்தர் நீதியாக எழுத வேண்டும் என்று அல்லாஹ் சொல்கிறான் (2:282). அந்த மாணவர் சொன்னதை எழுதுவதுதான் உங்கள் வேலை. நீங்களாகச் சரியான விடையைச் சேர்த்தால் அது உதவியல்ல, மோசடி.

2024 மே 5 அன்று நடந்த நீட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சில மையங்களில் நேரம் வீணானது என்பதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வதுதான் நோக்கம். ஆனால் அது மற்றவர்களின் தரவரிசையைத் தள்ளிவிட்டது. வழக்குகள் வந்தன, கருணை மதிப்பெண் ரத்தானது. விரும்பியவர்களுக்கு ஜூன் 23-ல் மறுதேர்வு வைக்கப்பட்டது. இழந்தது நேரம் என்றால் நேரத்தைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே தேர்வில் சில இடங்களில் வினாத்தாள் கசிந்தது உண்மைதான். இருந்தாலும் கசிவு தேர்வு முழுவதையும் கெடுத்தது என்பதற்கு ஆதாரம் போதாது என்று சொல்லி, அனைவருக்கும் ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒருவர் சுமையை மற்றவர் மீது ஏற்றக்கூடாது என்பது குர்ஆன் கற்றுத்தரும் அடிப்படை (6:164). குற்றவாளியைத் தப்பவிடுவதும் அநீதி. நிரபராதியைச் சேர்த்துத் தண்டிப்பதும் அநீதி.

"தெரியாது" என்று சொல்லும் தைரியம்

2019 சம்பவத்துக்குப் பிறகு டிஎன்பிஎஸ்சி ஒரு மாற்றம் செய்தது. விடைத்தாளில் நான்கு வட்டங்களோடு ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்ற வட்டத்தையும் வைத்தார்கள். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. தெரியவில்லை என்றால் அதையும் குறிக்க வேண்டும். எந்தெந்த விடையை எத்தனை முறை குறித்தோம் என்ற எண்ணிக்கையையும் எழுதச் சொன்னார்கள். வெற்றிடம் இல்லாவிட்டால் பின்னால் யாரும் நிரப்ப முடியாது அல்லவா?

திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் ஒரு முஸ்லிமுக்கு இதில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இமாம் புகாரியின் வாயில் வந்த முதல் பதிலும் அதுதானே! தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவமானமல்ல. தெரிந்தது போல் நடித்துச் சான்றிதழ் வாங்குவதுதான் அவமானம்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

*மாணவர்களே!* உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாய்க்கு மகள் சொன்ன பதிலை மக்தப் வயதிலேயே கேட்டிருப்பீர்கள். கலீஃபா பார்க்காவிட்டாலும் அவருடைய இறைவன் பார்க்கிறான் என்ற எண்ணம் அந்தப் பெண்ணிடம் இருந்தது. பறக்கும் படை வராத அறையிலும் அந்த எண்ணம் உங்களிடம் இருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய இரவு "வினாத்தாள் வந்துவிட்டது" என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தால் பணம் கட்டாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். பொய்யாக இருந்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். உண்மையாக இருந்தால் நீங்களும் திருட்டில் பங்காளி. செய்தியை விசாரித்துத் தெளிவு பெறச் சொல்கிறது குர்ஆன் (49:6).

*பெற்றோர்களே!* பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று ஒரு சூராவே ஆரம்பமாகிறது (83:1-3). அடுத்தவன் பிள்ளை குறுக்கு வழியில் வந்தால் கொதிக்கிறோம். நம் பிள்ளைக்கு ஒரு புரோக்கர் வழி சொன்னால் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறோம். இதுவும் இரட்டை அளவைதான். நமக்கும் நம் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்திருங்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (4:135).

*ஆசிரியர்களே, தேர்வுப் பணியில் உள்ளவர்களே!* வினாத்தாள் கட்டைப் பிரிக்கும் கையெழுத்து, விடைத்தாள் கட்டை மூடும் முத்திரை, எல்லாம் அமானிதம். சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. 2024 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டப்படி, மத்திய அரசுத் தேர்வுகளில் முறைகேடு செய்வோருக்கு 3 முதல் 5 ஆண்டு சிறை, 10 லட்ச ரூபாய் வரை அபராதம். கும்பலாகச் சேர்ந்து செய்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, அபராதம் ஒரு கோடிக்குக் குறையாது. ஆனால் சிறைக்குப் பயந்து மட்டும் நேர்மையாக இருப்பவர், பிடிபடாத வழி கிடைத்ததும் மாறிவிடுவார். மறைந்துபோகும் மையைக் கண்டுபிடித்தவர்களும் பிடிபட மாட்டோம் என்றுதான் நினைத்தார்கள்.

*மஹல்லா நிர்வாகிகளே!* பணம் கொடுத்து வேலை வாங்குவதற்குச் செலவாகும் தொகையில், பள்ளிவாசல் மாடியில் ஒரு வாசிப்பறையும் இலவசப் பயிற்சி வகுப்பும் நடத்த முடியும். நேர்வழியை எளிதாக்குவதும் குறுக்கு வழியை அடைப்பதில் ஒரு பகுதிதான்.

*ஏற்கனவே தவறு செய்தவர்கள்* நிராசையடைய வேண்டாம். தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. செய்யும் வேலைக்கு உண்மையில் தகுதி இருந்து, கடமையையும் சரியாகச் செய்தால் அந்த உழைப்பின் கூலி ஹராமாகாது, ஆனால் ஏமாற்றியதற்குத் தவ்பா கட்டாயம் என்று சொன்ன உலமாக்கள் இருக்கிறார்கள். தகுதியே இல்லாமல் அமர்ந்திருந்தால் நிலை வேறு. அங்கே ஒவ்வொரு நாளும் மக்களுக்குத் தீங்கு. எனவே நம்பகமான ஓர் ஆலிமிடம் எதையும் மறைக்காமல் சொல்லி, உங்கள் நிலைக்கான தீர்ப்பைக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட அந்தப் பெயர் தெரியாத சகோதரருக்காக துஆவும் செய்யுங்கள், சதகாவும் செய்யுங்கள்.

அன்பானவர்களே! சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை மேலே வைக்காமல் உள்ளே மறைத்த வியாபாரியைக் கண்டித்து, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). நம் பிள்ளைகளின் சான்றிதழுக்குள் கையை விட்டுப் பார்த்தால் ஈரம் படக்கூடாது. மதிப்பெண் குறைவாக இருக்கலாம். அது உலர்ந்ததாக, சுத்தமானதாக இருக்கட்டும். பரக்கத் அதில்தான் இருக்கிறது.

யா அல்லாஹ்! தேர்வு எழுதும் எங்கள் பிள்ளைகளுக்கும், இந்த நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! உழைத்தவருக்கு அவருடைய உழைப்பின் பலன் கிடைக்கச் செய்வாயாக! பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக உன் முன்னால் வந்து நிற்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக! நீதியோடு அளப்பவர்களாக, நீதியோடு அளக்கப்படுவதை ஏற்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.